மணல், பலகை, திரை: வகுப்பறைக் கருவியைத் தொட்டது யார்?

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை, 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஹைடெக் லேப் என்பது அரசின் திட்டம். 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்குக் கையடக்கக் கணினி கொடுக்கும் வேலையும் தொடங்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள்கூட வீடியோ தயாரிக்கவும், திரையில் வினாடி வினா நடத்தவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். அரசுப் பள்ளியை நம்பியிருப்பவர்கள் நம் பிள்ளைகள்தான்.

ஆனால் புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் வரும்போதெல்லாம் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைத் தொடப்போவது யார்? இருநூறு ஆண்டுக்கால வரலாறு நமக்கு இந்தக் கேள்வியைக் கற்றுத் தந்திருக்கிறது.

மணல்

திண்ணைப் பள்ளியின் முதல் கருவி மணல். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள். பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. நம் ஊர் மணல் கடல் தாண்டி லண்டன் ஏழையின் விரலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த தெருவை மட்டும் அது தாண்டவில்லை.

'வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு இங்கே எல்லோரும் படித்தார்கள்' என்று ஒரு வாதம் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கெடுப்பையும், அதை வைத்து 1983இல் தரம்பால் வெளியிட்ட நூலையும் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் கணக்கில் சூத்திரர் என்ற தலைப்பில் ஏராளமான மாணவர்கள் இருப்பது உண்மை. ஆனால் கணக்கெடுப்புப் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் தவிர மற்ற அனைவரையும் 'பிற சாதியார்' என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவர்களுக்கு அதில் தனிக் கட்டம்கூட இல்லை. கணக்கில் கூடத் தனியாக எண்ணப்படாதவர்களைச் சேர்த்துக்கொண்டு 'எல்லோரும் படித்தார்கள்' என்று சொல்ல முடியாது.

இதனால் நம் முன்னோர் எழுத்தறியாதவர்கள் என்று முடிவுகட்டவும் கூடாது. தன் பாட்டனார் கந்தப்பன் காப்பாற்றி வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் வேலை பார்த்த ஒருவரிடம் ஓலைச்சுவடி இருந்திருக்கிறது. நம்மிடம் கல்வி இருந்தது, பள்ளியின் கதவுதான் அடைக்கப்பட்டிருந்தது.

சேரிக்குள் வந்த பள்ளி

செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, பஞ்சமி நிலத்துக்கான 1892ஆம் ஆண்டு அரசாணைக்கு வழிவகுத்தது. மறு ஆண்டு, 1893இல், பஞ்சமர் கல்விக்கான சிறப்பு அரசாணையும் வந்தது. நிலமும் கல்வியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் நிலமில்லாத குடும்பம், அறுவடைக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பின்னர் சென்னையில் இத்தகைய பள்ளிகள் பெருகின. இவற்றில் நம் கவனத்துக்குரியது கற்பித்தல் முறை. அமெரிக்காவிலிருந்து வந்த பெண் கல்வியாளர்கள் இங்கே கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பாட்டு, விளையாட்டு, கையால் தொட்டுச் செய்யும் பொருள்கள் வழியாகக் கற்பிக்கும் முறை அது. அதற்காக இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தின் புதிய தொழில்நுட்பம் சேரிப் பள்ளிக்குத் தாமதமில்லாமல் வந்தது. காரணம், அங்கிருந்த ஆசிரியர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 'இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்று யாரும் அளவு வைக்கவில்லை.

பொதுப் பள்ளிகளில் நிலைமை வேறு. 1919இல் அரசே ஒப்புக்கொண்டபடி, பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளில் பத்தில் ஒரு பங்குகூடப் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பல பள்ளிகள் அக்ரகாரத்திலும், கோயில் வளாகத்திலும், ஊர்ச் சாவடியிலும் நடந்தன. பிள்ளை நுழையவே கூடாத இடத்தில் பள்ளியை வைத்துவிட்டு, 'அவர்கள் படிக்க வருவதில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். இதற்குப் பதிலாகத் தொழிலாளர் துறையின் கீழ் தனிப் பள்ளிகள் வந்தன. மக்கள் 'லேபர் ஸ்கூல்' என்றார்கள். 1949இல் அரிசன நலத் துறை உருவானபின் அந்த மரபில் தொடர்ந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

நம் மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. சுவாமி சகஜானந்தர் 1890இல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். நந்தனை வெளியே நிறுத்திய கோயில் ஊரிலேயே, நந்தனின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடத்தை உண்டாக்கினார். சிதம்பரத்தைப் போலவே கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் திருவண்ணாமலையும். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானோர் வரும் இந்த ஊரில், சகஜானந்தர் நம் மாவட்டத்துக்காரர் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

பலகை

அண்ணல் அம்பேத்கர் சாக்குப் பையை வீட்டிலிருந்து எடுத்துப்போய், வகுப்பின் மூலையில் அதன்மேல் உட்கார்ந்து படித்தது நாம் அறிந்தது. அவரது வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு நிகழ்வும் உண்டு. ஒரு நாள் கணக்குப் போடுவதற்காக ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். சாதி இந்துப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரங்கள் பலகைக்குப் பின்னால் இருந்தன. அவற்றை எடுத்து அப்புறப்படுத்திய பிறகுதான் பீம்ராவ் பலகையைத் தொட முடிந்தது.

அந்த வகுப்பில் கருவி இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த மாணவன் இருந்தான். கூப்பிட்ட ஆசிரியரும் இருந்தார். ஆனாலும் பலகைக்கும் மாணவனுக்கும் இடையில் சாதி நின்றது.

1987இல் ஒன்றிய அரசு 'கரும்பலகைத் திட்டம்' கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை உள்ளிட்ட கருவிகள் என்பது அதன் இலக்கு. சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டு ஆன பிறகும் கரும்பலகைக்கு ஒரு தேசியத் திட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே நம் பள்ளிகள் எப்படி இருந்தன என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த மாற்றம் தமிழ்நாட்டில் நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலியின் அனுபவத்தை ஆசிரியர்கள் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்பில் இருந்தபோது, 2007 வாக்கில் அது மாநிலமெங்கும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் பலகை ஒதுக்கப்பட்டது. அந்த முறையில் குறைகள் இருந்தன, ஆசிரியர்கள் பல விமர்சனங்களை வைத்தார்கள். ஆனால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை, யாரும் பாத்திரத்தை நகர்த்த வேண்டியதில்லை, தன் பெயருக்கு ஒரு பலகை உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குச் சாதாரண விஷயம் அல்ல.

திரை

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்குத் தனித்தனியே கணினி கிடைத்தது. காலனி வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் அதுதான். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் தயார்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஆசிரியர்கள் இரவோடிரவாக கூகுள் மீட், வாட்ஸப் குழு, யூடியூப் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பாடநூலில் உள்ள குறியீட்டைத் திறக்க செல்பேசி வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே செல்பேசி, செங்கல் சூளைக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போன அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். ஜவ்வாது மலையில் சிக்னலே எட்டாத ஊர்கள் இருந்தன.

2017-18ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 விழுக்காட்டில்தான் கணினி இருந்தது. இணைய வசதி 14.9 விழுக்காட்டில். 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கெரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழை எளியோர் வாழும் பகுதிகளில் நடத்திய ஆய்வு இன்னும் கொடியது. கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 விழுக்காட்டினர்தான் இணையவழியில் தொடர்ந்து படித்தார்கள். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் அது 15 விழுக்காடு. இந்த ஆய்வு எடுத்துக்கொண்டது ஏழைகளை மட்டுமே. வறுமை மட்டுமே காரணம் என்றால் ஏழைக்கும் ஏழைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் வருகிறது?

கேரளத்தில் இணையவழி வகுப்பு தொடங்கிய 2020 ஜூன் 1 அன்று மலப்புரம் மாவட்டத்தில் 14 வயது தலித் மாணவி ஒருவர் உயிரிழந்தார். வீட்டில் தொலைக்காட்சி பழுதாகியிருந்தது. வகுப்பைப் பார்க்க முடியாத வேதனையில் அந்தப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். கல்வியில் முன்னேறியதாகப் பெயர் பெற்ற மாநிலத்தில் இது நடந்தது.

திரையைத் தொடும் வரிசை

தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் பாதுகாப்புக் கொடுக்க, பட்டியல் சமூக மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல் முறையாக நுழைந்தார்கள். ஸ்மார்ட் போர்டு வருவதும் இதே மாவட்டத்தின் பள்ளிகளுக்குத்தான். கோயில் வாசலில் நடப்பது வகுப்பறைக்குள் வராது என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நமக்குத் தெரிந்த தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னது இது: "டிரெயினிங்ல எந்த பட்டனை அழுத்தணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதையும் தட்டுத்தடுமாறித்தான் கத்துக்கிட்டேன். ஆனா யாரு ஓடி வந்து போர்டைத் தொடுறாங்க, யாரு கடைசி வரைக்கும் எழுந்தே வர்றதில்லன்னு ஒரு மாசம் கழிச்சுதாங்க கவனிச்சேன்." வீட்டில் டச் போன் இருக்கும் பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். தொட்டால் உடைந்துவிடுமோ என்று பயந்த பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காலனிப் பிள்ளைகள். அவர் செய்தது எளிய காரியம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினமும் ஐந்து பிள்ளைகள் போர்டை இயக்க வேண்டும் என்று முறை வைத்தார். டிஜிட்டல் கருவியைக் கற்றுக்கொள்வது என்பதில் இதுவும் சேரும் என்கிறார். நாமும் அப்படியே கருதுகிறோம். எந்தப் பயிற்சிக் கையேடும் இதைத் தனிப் பாடமாக வைக்க வேண்டும்.

ஆசிரியர்கள்மீது மட்டும் பாரத்தை ஏற்றுவதும் நியாயமில்லை. எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றவும், செயலியில் மதிப்பீடு முடிக்கவும் வகுப்பு நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. ஒரே கருவி பாடம் நடத்தவும் பயன்படும், ஆசிரியரைக் கண்காணிக்கவும் பயன்படும். சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் நகையை விற்று வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கியதை ஊடகங்கள் கொண்டாடின. அவரை மதிக்கிறோம். ஆனால் ஆசிரியர் நகையை விற்றால்தான் நம் பிள்ளைக்குத் திரை கிடைக்கும் என்றால், அது அரசின் தோல்வி.

இளம் தோழர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்துப் போங்கள். ஸ்மார்ட் போர்டு வேலை செய்கிறதா, இணைய இணைப்புக்குக் கட்டணம் கட்டப்படுகிறதா, பழுதானால் யார் சரிசெய்வது என்று கேளுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் எத்தனை கணினி வந்தது, எத்தனை இயங்குகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள், தங்கள் செல்பேசியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து இயக்கச் சொல்லுங்கள். நாம் இயக்கிக் காட்டுவது பாதி வேலைதான்.

அண்ணல் பலகையைத் தொடும் முன் பாத்திரங்களை அகற்றினார்கள். இன்று திரைக்கு முன்னால் நிற்கும் தடை அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கவனிக்கும் ஆசிரியரும், கேள்வி கேட்கும் பெற்றோரும், கூட நிற்கும் நாமும் சேர்ந்துதான் அகற்ற வேண்டும்.

ஜெய்பீம்.