பிசையாத இரண்டு ரொட்டிகள்: கிராண்ட் முறையும் லேஹி முறையும்

வீட்டில் ஈஸ்ட் ரொட்டி சுட நினைப்பவரை முதலில் தயங்க வைப்பது பிசையும் வேலை. பத்துப் பதினைந்து நிமிடம் மாவை அழுத்தி, இழுத்து, மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை உணவுக்கு இவ்வளவு பாடா என்று பலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். இந்த வேலை தேவையே இல்லை என்று காட்டிப் பெயர்பெற்ற செய்முறைகள் இரண்டு. ஒன்று 1944-இல் இங்கிலாந்தில் அச்சேறியது. மற்றது 2006-இல் நியூயார்க்கிலிருந்து பரவியது. இரண்டிலும் பிசைவது இல்லை என்பதால் ஒன்றின் மறுபதிப்பே மற்றது என்று தோன்றலாம். உண்மையில் இரண்டும் பிசைவதைக் கைவிட்ட காரணம் வேறு வேறு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் காரணந்தான் சொல்லும்.

பிறந்த சூழல்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடு இல்லை. ஆனால் ரொட்டி மாறியது. 1942 முதல் கடைகளில் கிடைத்தது 'நேஷனல் லோஃப்'. கோதுமையின் 85 சதவீதத்தை மாவாக்கிச் சுட்ட, நிறம் மங்கிய ரொட்டி அது. வெள்ளை ரொட்டிக்குப் பழகிய மக்கள் அதை விரும்பவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த உணவு எழுத்தாளர் டோரிஸ் கிராண்டின் நிலை இதற்கு நேர் எதிர். 85 சதவீதமும் போதாது, தவிடும் முளையும் முழுதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1944-இல் வெளியான 'யுவர் டெய்லி பிரெட்' என்ற அவருடைய நூல் வழியாகப் பரவியதே 'கிராண்ட் லோஃப்'. மாவைப் பிசையாமல் விட்டது முதலில் தவறிப்போய் நடந்தது என்பார்கள். அந்தத் தவறே அவருடைய கொள்கை பரவ உதவியது. நல்ல ரொட்டி வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. வேலை நெருக்கும் வீட்டிலும் அதைச் சுட முடிய வேண்டும்.

ஜிம் லேஹி தொழில்முறை ரொட்டிக்காரர். 1994-இல் நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கியவர். இத்தாலிய ரொட்டியில் தேர்ந்தவர். 2006 நவம்பர் 8 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் மார்க் பிட்மன் எழுதிய பத்தியில் இவருடைய முறை வெளிவந்தது. வீட்டு அடுப்பிலும் பேக்கரி ரொட்டியின் மொறுமொறுப்பான மேலோடு வருமா என்ற கேள்விக்கு அது விடை தந்தது. கிராண்ட் சத்தைத் தேடினார். லேஹி அந்த மேலோட்டைத் தேடினார்.

செய்முறை

கிராண்ட் முறையில் முழுக்கோதுமை மாவு, உப்பு, சிறிது சர்க்கரை அல்லது தேன், ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். நீர் ஏறக்குறைய மாவின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு. கலவை வழுக்கலாக இருக்கும். அதை நேரே எண்ணெய் தடவிய டின்னில் போட்டு மூடிவைத்தால் அரைமணி நேரத்துக்குள் பொங்கும். மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததும் 200 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம் சுட வேண்டும். பொங்கவிடுவது ஒரே தடவைதான். உருட்டி உருவம் கொடுப்பதும் இல்லை.

லேஹி முறையில் வெள்ளை ரொட்டிமாவு 400 கிராம், நீர் 300 கிராம், உப்பு 8 கிராம், ஈஸ்ட் ஒரே ஒரு கிராம். கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு மடித்து உருண்டையாக்கி இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குள் மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புச் சட்டியை ஓவனில் 230 டிகிரிக்குச் சூடாக்கி, மாவை அதில் போட்டு மூடி அரைமணி நேரமும், மூடியை எடுத்துவிட்டு மேலும் 15 முதல் 30 நிமிடமும் சுட வேண்டும். மாவிலிருந்து கிளம்பும் ஆவி சட்டிக்குள்ளேயே அடைபடுவதால் மேற்பரப்பு உடனே காய்ந்து இறுகுவதில்லை. ரொட்டி நன்றாக உப்புகிறது. மூடி திறந்த பிறகுதான் மேலோடு காய்ந்து சிவக்கிறது.

பிசைவதன் வேலையை எது செய்கிறது?

கோதுமையிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது இந்த வலை. அதை ஒழுங்காக்கி வலுவூட்டத்தான் பிசைகிறோம்.

லேஹி முறையில் அந்த வலை முழுதாகவே உருவாகிறது. நீர் மிகுதி, நேரம் மிகுதி. புரதங்கள் தாமாகவே இணைகின்றன. பெருகும் வாயுக்குமிழ்கள் மாவை உள்ளிருந்தே மெல்ல இழுத்துவிடுகின்றன. கை செய்யும் வேலையைக் காலம் செய்துவிடுகிறது.

கிராண்ட் முறையில் காலமும் இல்லை. அங்கே அந்த வலை அவ்வளவு வலுவாக இருக்க வேண்டிய தேவையே குறைவு. முழுக்கோதுமை மாவின் தவிட்டுத் துகள்கள் குளூட்டன் இழைகளை அறுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு பிசைந்தாலும் வெள்ளை மாவைப் போல அது உயராது. அந்த உயரத்துக்கு ஆசைப்படாமல், அடர்ந்த, ஈரப்பதமுள்ள ரொட்டியே போதும் என்று அந்த முறை முடிவெடுக்கிறது. தளர்ந்த மாவைத் தாங்கிப் பிடிப்பது டின்னின் சுவர். ஆக, லேஹி பிசைவதற்கு மாற்று கண்டார். கிராண்ட் பிசைந்தால்தான் கிடைக்கும் பலனையே வேண்டாம் என்றார். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

சுவையும் சத்தும்

மணத்தில் லேஹி ரொட்டி முந்துகிறது. குறைந்த ஈஸ்ட்டும் நீண்ட புளிப்பும் அமிலங்களையும் மணப்பொருள்களையும் உருவாக்க இடம் தருகின்றன. கிராண்ட் ரொட்டியின் சுவை பெரும்பாலும் தானியத்தின் சுவை. புளிப்பு தரும் ஆழம் அதில் குறைவு.

நார்ச்சத்திலும் முளையின் சத்திலும் கிராண்ட் ரொட்டி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகச் சத்துகளை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. கேம்பிரிட்ஜின் மெக்கான்ஸ், விடோசன் இருவரின் ஆய்வுகள் இதைக் காட்டியதால் போர்க்காலப் பிரிட்டனில் ரொட்டிமாவோடு சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்தார்கள். நீண்ட நேரம் புளித்தால் மாவிலுள்ள நொதி அந்த அமிலத்தைச் சிதைக்கும். அரைமணி நேரம் அதற்குப் போதாது. அதாவது கிராண்டின் மாவுக்கு லேஹியின் பொறுமை தேவைப்படுகிறது.

காலை உணவுக்கு எது?

கிராண்ட் ரொட்டி, கலக்கத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஓவனை விட்டு வெளியே வரும். ஆறு மணிக்கு எழுபவர் எட்டு மணிக்குப் பரிமாறலாம். லேஹி ரொட்டியை இரவு கலந்து வைத்தாலும் காலையில் உருட்டி, இரண்டாம் முறை பொங்கவிட்டு, சுட்டு, ஆறவைக்க நான்கு மணி நேரம் ஆகும். அது காலை உணவைத் தாண்டிவிடும். முதல்நாள் மாலையே சுட்டு வைக்கலாம். ஆனால் மேலோட்டின் மொறுமொறுப்பு விடிவதற்குள் தளர்ந்துவிடும். டோஸ்ட் செய்தால் நன்றாக இருக்கும். உழைப்பு குறைவு என்பதும் நேரம் குறைவு என்பதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டு வீட்டில் செய்பவருக்கு வெப்பம் இன்னொரு கணக்கு. லேஹியின் 12 முதல் 18 மணி நேரம், ஏறக்குறைய 21 டிகிரி அறைக்கானது. நம் 30 டிகிரியில் மாவு பாதி நேரத்திலேயே பொங்கி, விட்டுவைத்தால் அளவுக்கு மீறிப் புளித்துத் தளர்ந்துவிடும். கனத்த சட்டி நுழையும் பெரிய ஓவனும் எல்லா வீட்டிலும் இராது. கிராண்ட் முறைக்குச் சிறிய ஓவனும் ஒரு டின்னும் போதும். சப்பாத்திக்கு வாங்கிய கோதுமை மாவே போதும். மில்லில் கல்லரைவையில் அரைத்த மாவு நீரை நன்றாக இழுக்கும் என்பதால் நீரைச் சற்றுத் தாராளமாகவே சேர்க்கலாம்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், தினசரிக் காலைக்கு கிராண்ட் ரொட்டியையே பரிந்துரைப்பேன். வீட்டில் இருப்பதை வைத்து, வீட்டாரின் நேரத்துக்குள், முழுத் தானியத்தை உண்ண வைக்கும் முறை அது. ஓய்வான ஞாயிற்றுக்கிழமையில் விருந்தாளிக்கென்று சுடுவதற்கு லேஹி ரொட்டிக்கு இணையில்லை.

நம் வெப்பத்தில் இரண்டையும் சேர்க்கவும் வழியுண்டு. அரைக்கிலோ கோதுமை மாவுக்கு வழக்கமான உப்பும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டு, குளிர்ந்த நீரில் தளரக் கலந்து, இரவு படுக்கப்போகும் முன் மூடி வையுங்கள். விடியலில் அதை டின்னில் வழித்துப் போட்டு, சற்று உயர்ந்ததும் கிராண்ட் சொன்ன சூட்டில் சுடுங்கள். லேஹிக்குப் பதினெட்டு மணி நேரம் வரை தேவைப்பட்டதை நம் ஊர் இரவு ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துத் தரும். கிராண்ட் ரொட்டியில் குறைவாக இருந்த மணமும், தவிட்டின் அமிலம் சிதையத் தேவையான அவகாசமும் அந்த இரவிலேயே கிடைத்துவிடும்.