பூனையின் அச்சத்துக்கு என்ன விலை?

புறநானூற்றின் 326ஆம் பாடலில் ஓர் இரவுக்காட்சி வருகிறது. ஊரின் பழைய வேலியோரம் பதுங்கி நடக்கும் வெருகு என்னும் காட்டுப்பூனைக்கு அஞ்சி ஓர் இளம் பெட்டைக்கோழி அலறுகிறது. தூசும் செத்தையும் புடைக்க எழுந்த பருத்திப்பெண்ணின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டதும் அதன் அச்சம் தணிகிறது. பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். மறக்குடியின் சிறப்பைப் பேசவந்த மூதின்முல்லைப் பாடல், ஒரு கோழியின் பயத்துக்கும் அது தணிந்த விதத்துக்கும் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது. விலங்குக்கும் அச்சம் உண்டு என்பதைப் புலவர் வாதிட்டு நிறுவவில்லை. யாவரும் அறிந்த செய்தியாகச் சொல்லிப் போகிறார். அச்செய்தியை நம் சட்டங்கள் எட்டுவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை, பாடலில் அச்சுறுத்த வந்த பூனையின் பக்கம் நின்று பார்க்கலாம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் விலங்கை ஓர் உடைமையாகவே கண்டது. பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொல்வதும் நஞ்சூட்டுவதும் முடமாக்குவதும் 428ஆம் பிரிவின்படி குற்றம். சந்தையில் மாட்டுக்கு விலை உண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் உண்டு. யாரும் வாங்காத, யாரும் விற்காத தெருப்பூனைக்கு ஏது விலை? அதன் காலை ஒருவன் ஒடித்தால் இழப்பு யாருக்கு என்று கேட்டது சட்டம். பூனைக்கு என்ற விடை அதன் கணக்கில் இல்லை.

1890ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வலியைக் கணக்கில் எடுத்தது. ஆனால் தெருவிலும் பொது இடத்திலும், அல்லது அங்கிருப்போர் கண்ணில் படும்படியும் நிகழ்ந்த கொடுமையே பெரிதும் அதன் பார்வைக்குள் வந்தது. பூனை அடிபடுவதோ அடுக்களையில், கொல்லைப்புறத்தில், கதவு சாத்திய அறையில்.

இந்நிலை மாறக் காரணமானவர்களுள் முதன்மையானவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று நேரு அளித்த உறுதியின்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. மனிதரல்லாத எந்த உயிரும் அதன்படி விலங்கே. வீட்டுக்குள் நடந்தாலும் வதை வதையே. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவதும் குற்றமாயிற்று. பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊரெல்லைக்கு அப்பால் விட்டுவருவதை ஓர் அன்றாட வேலையாகவே கருதும் நம் வீடுகள் நினைவில் கொள்ள வேண்டிய பிரிவு இது. ஆயினும் முதன்முறை குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். அத்தொகை இன்றளவும் உயரவில்லை.

விலங்கின் துன்பத்தையே அளவுகோலாகக் கொண்ட வழக்கொன்றைச் சேலம் அறியும். சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேஸ்வரி நோயுற்று எழ முடியாமல் கிடந்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அதை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர்கள் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அனுமதித்தது. அதற்குள் யானை தானாகவே இறந்துவிட்டது. அங்கே யாரும் யானையின் விலையைக் கேட்கவில்லை. எவ்வளவு நோகிறது என்று கேட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பயணத்தில் இது பெரிய தொலைவு.

வலிக்கு அடுத்த படி அச்சம். 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய நூலொன்று பிரிட்டனில் கூண்டுக்கோழிகளின் நிலையைப் பொதுமக்கள் முன் வைத்தது. அடுத்த ஆண்டே பிராம்பெல் குழுவின் அறிக்கை வந்தது. அதிலிருந்து வளர்ந்தவையே விலங்குகளுக்கான 'ஐந்து விடுதலைகள்'. அவற்றுள் ஒன்று அச்சத்திலிருந்தும் மனவேதனையிலிருந்தும் விடுதலை. 2014இல் இந்திய உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கில் இவற்றை எடுத்தாண்டது. அத்தீர்ப்பையும், 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தத்தை ஏற்ற 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். விலங்கின் அச்சம் நீதிமன்றத்தில் பேசுபொருளானது என்பதில் ஐயமில்லை. கோழிக்கூண்டிலிருந்து எழுந்த இக்கேள்வி, முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் சமவெளிக்கு அந்நியமானதன்று.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு பழைய ரூபாய்க் கணக்கை நீக்கிவிட்டது. ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. எனினும் அப்பிரிவு இருப்பது உடைமைக்கு எதிரான குற்றங்களின் அத்தியாயத்தில். பூனை இன்னும் யாருக்கோ நேர்ந்த இழப்பாகவே அங்கே நிற்கிறது.

சட்டம் முழுமை பெற்றாலும் அதன் கை ஓரிடத்தில் நின்றுவிடும். 2020 பிப்ரவரியில் சீனத்திலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த சரக்குப் பெட்டகத்தில் ஒரு பூனை இருந்தது. நோய்த்தொற்று அச்சத்தால் அதைத் திருப்பியனுப்ப எண்ணினர். விலங்கு ஆர்வலர்கள் போராடினர். ஏப்ரலில் அது விடுவிக்கப்பட்டது. கூண்டைத் திறக்கப் போராட்டத்தால் முடிந்தது. திறந்த கூண்டிலிருந்து வெளிவரும் உயிர் மனிதக் கையை மீண்டும் நம்புவதற்கு எந்த ஆணையும் பிறப்பிக்க இயலாது.

வைணவத்தில் தென்கலையார் போற்றும் மார்ஜார நியாயம் நாம் அறிந்ததே. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்கிறது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வதைபட்ட பூனையிடம் இந்த நியாயம் செல்லாது. தூக்க வரும் கை அதற்கு அடிக்க வரும் கை. கவ்விச் செல்லும் அன்பு அங்கே இரண்டாவது வதையாகிவிடும்.

அதற்குத் தேவை ஓசையற்ற ஒரு சிறு அறையும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும். ஒளிய இடம் கிடைத்த பூனைகளின் பதற்றம் விரைவில் தணிவதை 2014இல் நெதர்லாந்துக் காப்பகமொன்றில் நடந்த ஆய்வு காட்டியது. தீனியும் நீரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைக்கப்பட வேண்டும். உற்றுப் பார்ப்பதைப் பூனை மிரட்டலாகக் கொள்ளும். கண்களை மெல்ல மூடித் திறப்பவரிடம் அது நெருங்க முனைவதை 2020இல் பிரிட்டனில் கண்டறிந்தனர். இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருந்தால் அதன் கல்லீரல் கெடக்கூடும். மருத்துவரிடம் செல்லக் காலம் தாழ்த்தலாகாது. நாமக்கல்லில் 1985 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வலிக்கிறதே என்று மனிதருக்குரிய பாரசிட்டமாலைக் கொடுப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

எஞ்சியது காத்திருத்தல். வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். சில பூனைகள் கடைசிவரை மடியேறாமலே போகலாம். நாம் அறைக்குள் இருக்கும்போதே அது தட்டருகே வந்து முதுகைக் காட்டி உண்ணுமானால், அதுவே போதுமான மீட்சி.