கந்தும் கற்கண்டும்

நிக்காஹ் மஜ்லிஸில் துஆ ஓதி முடிந்ததும் நம் உள்ளங்கையில் வந்து விழும் கற்கண்டை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. வாயிலிட்டுக்கொண்டு பேச்சைத் தொடருகிறோம். அச்சிறு கட்டியின் பெயருக்குள்ளே ஒரு நெடும் பயணம் உறைந்து கிடக்கிறது.

'கண்ட' என்னும் வடசொல்லுக்குத் துண்டு என்று பொருள். அது பாரசீகம் சென்று 'கந்த்' ஆயிற்று. அரபிகள் அதனைக் கனமான காஃப் எழுத்தால் எழுதித் தமதாக்கிக் கொண்டனர். தமதாக்கியதோடு நில்லாமல், அதிலிருந்து வினையெச்சமும் பெயரெச்சமும் போலப் புதுச்சொற்களும் பிறப்பித்தனர்: கந்து கலந்த மாவுணவை 'மக்னூத்' என்று அரபு அகராதிகள் குறிக்கின்றன. அரபியிலிருந்து ஐரோப்பா சென்ற அச்சொல்லே ஆங்கிலேயரின் 'கேண்டி'. நூலில் படிகமாய் வளரும் கற்கண்டுக்கு 'நபாத்' என்றும் ஒரு பெயருண்டு. முளைத்தெழுவது என்பது அதன் பொருள். பாகுக்குள் கட்டி வளர்வதைக் கண்டோர்க்கு அப்பெயரின் அழகு புலப்படும்.

11ஆம் நூற்றாண்டில் மிஸ்ரு நாட்டைக் கண்ட நாஸிர் குஸ்ரவ், அரசவிருந்தில் இலையும் கிளையும் முழுவதும் சர்க்கரையால் ஆன ஒரு நாரத்தை மரம் நின்றதை வியந்து எழுதியிருக்கிறார். ஆடம்பரம் இருந்த இடத்தில் கலப்படமும் இராமற் போகுமா? 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டு அறிஞர் ஷைஸரீ, அங்காடிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக இயற்றிய நூலில், ஹல்வா செய்வோருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

அரபு நாட்டுக் கந்து கரும்பின் பிள்ளை. நம் தென்கரையிலோ பனையும் கற்கண்டு ஈனுகிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். பூசாவிடில் அது புளித்துக் கள்ளாகிவிடும். ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே ஒரு பூச்சுச் சுண்ணாம்பு! பதநீரைக் கருப்பட்டிப் பதம் வரை முறுகவிடாமல், பாகாகவே இறக்கி வடிகட்டி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி அசையாது வைத்துவிடுவர். நாற்பது நாளளவு பொறுத்திருந்தால் நூலைப் பற்றிக் கட்டிகள் வளர்ந்திருக்கும். எஞ்சிய பாகை வடித்துவிட்டு அவற்றைக் கழுவி உலர்த்துவர்.

இத்தனை பொறுமை அங்காடிக்கு ஏது? சீனிப்பாகில் சிறிது கருப்பட்டியும் நிறமும் சேர்த்துப் பனங்கற்கண்டு என விற்கிறார்கள். இருமலுக்கென்று அண்மையில் நான் வாங்கி வந்ததும் அத்தகையதே. உள்ளே நூல் இருந்ததைக் கண்டு ஏமாந்தேன். சீனிக் கற்கண்டும் நூலில்தான் வளரும் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிதான். ஆனால் வாங்குவோரின் நா அச்சுவையை மறந்துவிட்டால், முத்திரையைப் பார்த்து யார் எதை ஒப்பிட்டறிவது?

உறவினர் ஒருவர் ஊரிலிருந்து மெய்யான பனங்கற்கண்டு கொண்டுவந்தார். இரண்டையும் என் பேரனிடம் கொடுத்தேன். கடைக்கட்டியே இனிப்பு என்று தயங்காமல் சொன்னான். உண்மைதான்; இனிப்பு அதில்தான் மிகுதி. மற்றதைக் கடிக்க முயன்று, முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். நெடுநேரம் கழித்து வந்து, இது இன்னும் கரையவில்லை என்றும், இதில் ஏதோ மரத்தின் வாசம் வருகிறது என்றும் கூறி, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.