ஷார்ப்வில் சொல்லும் பாடம்

மார்ச் 21, சர்வதேச இனப்பாகுபாடு ஒழிப்பு தினம். இந்நாள் எப்படி வந்தது என்பதை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும்.

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்கள் 'பாஸ்' எனும் அனுமதிப் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறை. பிறந்த மண்ணில் நடமாடவே அனுமதி! 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அந்தப் புத்தகம் இல்லாமல் மக்கள் காவல் நிலையத்தின் முன் திரண்டனர். போலீஸார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். 1966-ல் ஐ.நா. பொதுச்சபை இந்நாளை அறிவித்தது.

1976-ல் சோவெட்டோ மாணவர்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்தனர். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தாம். 1994-ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தலோடு நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தது.

சட்டம் போனது, மனநோய் போனதா? பெண் பார்க்கப் போனால் நாமும் "நிறம் கொஞ்சம் கம்மி" என்கிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, வகுப்புத் தோழனை நிறம் சொல்லிக் கேலி செய்கிறான்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரைத் தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, அது அறியாமைக் காலத்துக் குணம் என நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அத்தனை நெருங்கிய தோழரையே கண்டித்தார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

இளைஞர்களே, அடுத்த முறை அப்படியொரு கேலி எழும்போது சேர்ந்து சிரிக்காதீர்கள். "அது தவறு" என்று அங்கேயே சொல்லுங்கள். பேசுபவர் வீட்டுப் பெரியவராக இருந்தால், மரியாதையோடு சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.