விமானம் கட்டப் போனவர்

முதல்லயே ஒரு விளக்கம். நான் சொல்ற திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் இருந்து 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூர் இல்லை. மருது சகோதரர்களை 1801-ல் தூக்கில் போட்ட சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். 1985 வரைக்கும் நாங்களும் ராமநாதபுரம் ஜில்லாதான். அதனால அப்துல் கலாம் எங்களுக்கு 'ஜில்லாக்காரர்'. அந்த உரிமையில்தான் இந்தப் பதிவு :)

கலாம் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. பேப்பர் போட்டார், கனவு கண்டார், ஜெயிச்சார். ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. ஆனா 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை நிதானமாப் படிச்சா அந்தக் கோடு ரொம்பவே வளைஞ்சு போகுது. பொக்ரான், ராஷ்டிரபதி பவன் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1950-லிருந்து 1963 வரைக்குமான பதிமூணு வருஷத்தை மட்டும் பார்ப்போம்.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி முடிச்சு, 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இண்டர்மீடியட். அப்புறம் அங்கேயே பி.எஸ்ஸி. இயற்பியல். அதை முடிச்ச பிறகுதான் 'இது நம்ம பாடம் இல்லை, இஞ்சினியரிங்தான் போயிருக்கணும்'னு அவருக்கே புரியுது. இண்டர் முடிச்சதுமே போயிருக்கலாம். என்ன படிப்பு எங்க இருக்குன்னு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நல்லவேளையா குரோம்பேட்டையில் ஒரு கதவு திறந்திருந்தது. சி.ராஜம் 1949-ல் ஆரம்பிச்ச எம்.ஐ.டி. பி.எஸ்ஸி. முடிச்சவங்க அங்க மூணு வருஷத்துல விமானப் பொறியியல் படிக்கலாம். கையில் கிடைக்கிறது பி.இ. இல்லை, ஒரு டிப்ளமோ. சேரணும்னா ஆயிரம் ரூபாய் கிட்ட வேணும். அப்பாகிட்ட அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன்னோட தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாங்க. நம்ம பக்கத்துல ஒரு பொம்பளை நகையைக் கழட்டிக் கொடுக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். நானே சம்பாதிச்சுத்தான் இதை மீட்பேன்னு தம்பி மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்கிட்டார்.

கல்லூரியில் பறக்காத பழைய விமானம் ரெண்டு காட்சிக்கு நின்னுச்சு. மத்தப் பசங்க ஹாஸ்டலுக்குப் போன பிறகும் இவர் அதுங்க பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். ஸ்பாண்டர்ங்கிற ஆஸ்திரியாக்காரர், பண்டாலை, நரசிங்க ராவ்னு மூணு வாத்தியார்கள் விமானத்தைப் பாகம் பாகமா மனசுல ஏத்தினாங்க. தாழப் பறந்து தாக்குற ஒரு விமானத்தோட வடிவமைப்புதான் புராஜெக்ட். வேலை நகரலைன்னு இயக்குநர் சீனிவாசன் மூணே நாள் கெடு கொடுத்தார், தவறினா ஸ்காலர்ஷிப் கட். தூக்கத்தை விட்டு வரைஞ்சு முடிச்சார் கலாம்.

நம்ம மாதிரி தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கிறவங்க கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வச்சுது. நம்ம விமானத்தை நாமே கட்டணும்ங்கிறதைத் தலைப்பா வச்சுக் கலாம் தமிழ்ல எழுதினார். முதல் பரிசு! கொடுத்தது யார் தெரியுமா? ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். ஆமா, நம்ம 'துப்பறியும் சாம்பு' தேவனேதான். 1957-ல் தேவன் காலமாயிட்டார். பரிசு வாங்கின பையன் என்ன ஆனான்னு பார்க்க அவருக்குக் கொடுப்பினை இல்லை.

அப்புறம் பெங்களூர் எச்.ஏ.எல்.-ல பயிற்சி. கை முழுக்க கிரீஸ், என்ஜினைப் பிரிச்சு மாட்டுற வேலை. அதுக்கப்புறம் டேராடூன் விமானப்படைத் தேர்வு. 25 பேர்ல இவர் ஒன்பதாவது. எடுத்தது எட்டுப் பேரை. விமானி ஆகிற ஆசை அதோட போச்சு. ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரைப் பார்த்துட்டு டெல்லி திரும்பினார். 1958-ல் பாதுகாப்புத் துறையில் வேலை, அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய்.

அங்கிருந்து மறுபடி பெங்களூர். ஒரு சின்னக் குழுவோட 'நந்தி'ங்கிற ஹோவர்கிராஃப்ட் கட்டினார். காத்து மெத்தை மேல மிதந்து போற, இறக்கை இல்லாத வண்டி. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனையே ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டினார். ஆனா திட்டம் சர்ச்சையில் மாட்டிக் கிடப்புக்குப் போயிடுச்சு.

அந்த நந்தியில் ஒருநாள் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து எம்.ஜி.கே.மேனன் ஏறிப் பார்த்தார். கொஞ்ச நாள்ல ராக்கெட் இஞ்சினியர் இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. கேள்வி கேட்டவர்களில் விக்ரம் சாராபாயும் ஒருத்தர். கேட்டதெல்லாம் இவருக்கு என்ன தெரியாதுன்னு பார்க்கிறதுக்காக இல்லை, இவரால என்ன முடியும்னு பார்க்கிறதுக்காக. நந்தி வீணாப் போகலை!

பிறகு அமெரிக்காவில் நாசாவில் பயிற்சி. அங்க வாலப்ஸ் தளத்துல ஒரு ஓவியம்: ஆங்கிலேயர் மேல ராக்கெட் விடும் திப்பு சுல்தான் வீரர்கள். எங்க ஊர்ல மருதுவைத் தூக்கில் போட ரெண்டு வருஷம் முன்னாடி, 1799-ல் வீழ்ந்த அதே திப்பு.

1963 நவம்பர் 21, தும்பா. சர்ச்சும் பிஷப் வீடும்தான் ஆபீஸ். ராக்கெட்டைத் தூக்கி வைக்கும்போது ஹைட்ராலிக் கிரேன் ஒழுகி மக்கர் பண்ண, ஆளுங்க கையாலயே சரிபண்ணி ஏவினாங்க. அதுவும் நைக்-அப்பாச்சிங்கிற அமெரிக்க ராக்கெட்தான். 'நாமே கட்டினது' மேல போனது 1980 ஜூலை 18-ல், எஸ்.எல்.வி.-3 ரூபத்துல. அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு கடல்ல விழுந்த பிறகு.

கணக்குப் பாருங்க. விமானியா ஆகணும்னு நினைச்சார், ஆகலை. விமானம் கட்டணும்னு எழுதினார், பேர் வாங்கினதென்னமோ ராக்கெட்ல. தப்பான பாடத்துல ஒரு டிகிரி வேற. நம்ம ஊர்ல பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த அன்னிக்கே பையனோட தலையெழுத்தை முடிவு பண்றோமே, அவங்களுக்குச் சொல்ல வேண்டிய கலாம் கதை இதுதான்னு எனக்குத் தோணுது.

நீங்க என்ன சொல்றீங்க? பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.