மாரத்தானின் 6,400: ஒரு சாவுக்கணக்கும் ஒரு நேர்த்திக்கடனும்

கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் மாண்டவர்களுக்கு ஹெரடோட்டஸ் இரண்டு எண்கள் தருகிறார். பாரசீகர் தரப்பில் ஏறத்தாழ 6,400 பேர். ஏதென்ஸார் 192 பேர். பின்னதை ஆய்வுலகம் தயங்காமல் ஏற்கிறது, முன்னதைச் சந்தேகிக்கிறது. சந்தேகத்தின் வலுவான பிடி ஒரு பெருக்கல் கணக்கு: 192ஐ 33⅓ஆல் பெருக்கினால் மிச்சமின்றி 6,400 வருகிறது. ஆகவே, மூன்று ஏதென்ஸாருக்கு நூறு எதிரிகள் என்று விகிதம் வைத்துப் பின்னர் பெருக்கிப் பெற்ற எண்ணே இது என்பார்கள். 6,400 களத்தில் எண்ணிய கணக்கிலிருந்து வந்தது, எண்ணவைத்தது ஒரு நேர்த்திக்கடன் என்பது என் வாதம்.

இதில் தீர்ப்புச் சொல்லவேண்டிய சான்று ஹெரடோட்டஸிடம் இல்லை. செனபோனின் ‘அனபாசிஸ்’ நூலில், மூன்றாம் பகுதியில் வரும் உரையில் இருக்கிறது. கொல்லும் எதிரிகள் எத்தனை பேரோ அத்தனை வெள்ளாடுகளை ஆர்டெமிஸுக்குப் பலியிடுவதாக ஏதென்ஸார் நேர்ந்துகொண்டார்கள். போதிய ஆடுகள் கிடைக்காததால் ஆண்டுக்கு 500 என்று முடிவுசெய்தார்கள். இன்றும் பலியிட்டு வருகிறார்கள் என்கிறார் அவர். இது கி.மு. 401இல், போருக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், சோர்ந்த படைவீரர்களைத் தேற்றப் பேசியது. அதனால் இதை மேடைப்பேச்சு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 500 ஆட்டுப் பலிக்குக் காரணம் சொல்லப் பிற்காலத்தில் கட்டிய கதை என்றவர்களும் உண்டு.

முதல் மறுப்பு நிற்காது. ஆண்டுதோறும் நடக்கும் பலியைப் பற்றி ஏதென்ஸ்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் பொய் சொல்ல முடியாது. அதற்கு முன்பே, கி.மு. 424இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் ‘குதிரைவீரர்’ நாடகத்தில், இதே தெய்வத்துக்கு ஆயிரம் ஆடுகள் நேர்ந்துகொள்வதாக ஒரு கேலி வருகிறது. பழக்கம் தெரியாத பார்வையாளரிடம் அந்தக் கேலி எடுபடாது.

இரண்டாம் மறுப்பைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 500 வீதம் கொடுத்தால் 6,400 ஆடுகளின் கடன் பதின்மூன்றாம் ஆண்டிலேயே தீர்ந்துவிடும். பலியோ செனபோன் காலம்வரை ஓயவில்லை. முடிவில்லாத பலிக்குக் காரணம் கற்பிக்க வந்த கதைக்கு முடிவில்லாத பிணங்கள் வேண்டும். புளூட்டார்க் சொல்லும் வடிவம் அப்படித்தான் இருக்கிறது: இறந்தவர்கள் எண்ணிலடங்காததால் சொன்னபடி செலுத்துவதிலிருந்து விடுவிக்கும்படி ஏதென்ஸார் தெய்வத்திடம் வேண்டினார்களாம். எதிரிகளின் தொகையை ஹெரடோட்டஸ் குறைத்துவிட்டார் என்றும் அவர் குற்றம் சாட்டுகிறார். ஜஸ்டின் கையில் அந்தத் தொகை 2,00,000 ஆகிறது. திருவிழாவும் பெருமையும் எண்ணை எந்தத் திசையில் இழுத்தன என்பது இதனால் விளங்கும். அந்த இழுப்புக்கு அசையாமல், திருவிழாவோடு பொருந்தாமலே நின்ற எண் 6,400. கதைக்காகச் செய்த எண்ணாக இருந்தால் கதைக்கு இவ்வளவு இடைஞ்சலாக இருந்திராது. ஆகவே அது கதை வளர்வதற்கு முந்தியது என்று கொள்வதே பொருத்தம். கடனாளி தன் கடனைத் தானே கூட்டிச் சொல்ல மாட்டான் என்பதும் இதோடு சேரும்.

இனிப் பெருக்கல் கணக்கு. களத்தின் ஒரு பகுதியில் கண்ட விகிதத்தை முழுக் களத்துக்கும் விரித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், போர் நடந்த விதம் அதற்கு இடம் தரவில்லை. ஏதென்ஸாரின் நடு அணி உடைந்தது. இரு பக்க அணிகளும் வென்றன என்கிறார் ஹெரடோட்டஸ். இழப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். குலவாரியாகவும் அது சமமாக இருந்ததாகத் தெரியவில்லை. 192ஐப் பத்துக் குலங்களுக்குப் பங்கிட்டால் சராசரி 19.2, எரெக்தேயிஸ் குலத்துக்கு உரியதாகக் கருதப்படும் கல்வெட்டிலோ 22 பெயர்கள் உள்ளன. களத்தை நேரில் கண்ட எவரும் ஒரே விகிதத்தை நம்பியிருக்க முடியாது. பெருக்கல் சரியாக வருவது தற்செயல் என்றே கருதுகிறேன்.

எண்ணியிருந்தால் ‘ஏறத்தாழ’ ஏன்? பாரசீகர் பலர் சதுப்பில் விழுந்து மடிந்ததாகப் பவுசானியாஸ் எழுதுகிறார். ஏதென்ஸின் வண்ண மண்டபத்து ஓவியத்திலும் அக்காட்சி இருந்தது. சேற்றில் அமிழ்ந்தவர்களைத் துல்லியமாக எண்ண வழியில்லை. எண்ண ஆள் இருந்ததா என்றால், அரிஸ்டைடிஸும் அவர் குலத்தாரும் கைதிகளையும் கொள்ளைப் பொருளையும் காக்கக் களத்திலேயே தங்கியதாகப் புளூட்டார்க் சொல்கிறார். பின்னர் வந்து சேர்ந்த ஸ்பார்ட்டா வீரர்கள் 2,000 பேர் பாரசீகரின் உடல்களைப் பார்த்துவிட்டே ஊர் திரும்பினார்கள். நேர்த்திக்கடனைப் பற்றி ஹெரடோட்டஸ் வாய் திறக்கவில்லை என்பது பெரிய தடையன்று. பாரசீகக் குதிரைப்படை போரில் என்ன செய்தது என்றும்தான் அவர் சொல்லவில்லை.

எண்ணினார்கள் என்பதால் எண்ணிக்கை பிழையற்றது என்றாகிவிடாது. அதைவிட, யாரும் ஐயுறாத 192க்கும் ஓர் எல்லை உண்டு. ஏதென்ஸாரின் கல்லறைமேல் குலவாரியாகப் பெயர் பொறித்த தூண்கள் நின்றதைக் கண்ட பவுசானியாஸ், உடன் போரிட்ட பிளாட்டியாவினருக்கும் அடிமைகளுக்கும் வேறொரு கல்லறை இருந்ததையும் குறிப்பிடுகிறார். 192 குடிமக்களின் பட்டியல். கிரேக்கர் தரப்பின் மொத்தச் சாவு அதைவிடக் கூடுதல். பாரசீகருக்கோ அடையாளமிட்ட கல்லறை எதையும் அவரால் காண முடியவில்லை.

ஆகவே 6,400ஐ 192ஆல் வகுத்து மாரத்தானின் போர்த்திறனை அளக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒன்று தெய்வத்துக்குப் பட்ட கடனின் கணக்கு. மற்றொன்று குலங்கள் தம் குடிமக்களுக்குச் செய்த சிறப்பின் கணக்கு. இரண்டும் நம்பத்தக்கவையாக இருக்கலாம். ஆனால் ஒரே அளவுகோலால் எடுத்தவை அல்ல. பழம்போர்களின் சாவெண்களில் நம் தரப்பு மெய், எதிர்த்தரப்பு மிகை என்று முன்கூட்டியே பிரித்துவைப்பது வசதியான முறைதான். அந்த எண்ணை யார், எந்தக் கடமைக்காக எண்ணினார்கள் என்று கேட்காதவரை அதை ஆய்வுமுறை என்று சொல்ல முடியாது.