வாங்கினவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

என் சின்ன வயதில் அப்பா சந்தையில் ஒரு கறவை மாடு வாங்கி வந்தார். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலையை முடித்தார். மறுநாள் கறக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரு காம்பில் பாலே வரவில்லை. விற்றவரிடம் போய்க் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்றார். அப்பா பேசாமல் திரும்பி வந்தார். "ஏமாந்தது என் தப்பு" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்காலத்தில் நான் நீதிமன்ற அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மாட்டுக்காரர் சொன்ன அதே பதிலை அங்கே வக்கீல்கள் லத்தீனில் சொன்னார்கள்: "கேவியட் எம்ப்டார்". வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அர்த்தம். லத்தீனில் இருப்பதால் இது ரோமானியர் சட்டம் என்றே நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு படித்துப் பார்த்தால், கதை வேறு.

எம்ப்டார் என்றால் வாங்குபவர். அதற்கு மூலம் "எமெரே" என்ற வினைச்சொல். முதலில் அதன் பொருள் எடுத்துக்கொள்வது. பிறகுதான் விலைக்கு வாங்குவது என்றானது. நம் "வாங்கு" மட்டும் என்ன? கை நீட்டிப் பெறுவதும் வாங்குவதுதான், காசு கொடுத்துப் பெறுவதும் வாங்குவதுதான்.

ரோமில் சந்தைகளைக் கவனிக்க "ஈடைல்" என்ற அதிகாரிகள் இருந்தார்கள். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர், நோயோ குறையோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் போட்ட கட்டளை. (மனிதரையும் மாட்டையும் ஒன்றாக வைத்த கொடுமை தனிக் கதை.) மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால், 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஒரு வருடத்துக்குள் விலையைக் குறைக்கச் சொல்லியும் வழக்குப் போடலாம். "எனக்கே தெரியாது" என்று சொல்லி விற்றவர் தப்ப முடியாது.

வாங்குபவர் தலையில் சுமையை ஏற்றியது இங்கிலாந்து. அங்கே ஒரு பொற்கொல்லர், விஷத்தை முறிக்கும் என்று அன்று நம்பப்பட்ட ஓர் அரிய கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். அது அந்தக் கல்லே இல்லை. ஆனாலும், விற்றவர் உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று சொல்லி, 1603-ல் வாங்கியவரின் வழக்கு தோற்றது. அந்த வழியில்தான் நம் 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவுக்கும், சில விலக்குகளோடு, இந்தக் கொள்கை வந்து சேர்ந்தது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் வாங்குபவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: "ரோமாபுரியா இருந்தா மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிருக்கலாம்ப்பா. தப்பு உங்க மேல இல்லை."